பின்னால் அமரும் பிக்கப், துள்ளும் ஜீப்: பட்டை மாற்றவா, பிளாக் வைக்கவா?

கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும், போடியிலிருந்து பூப்பாறைக்கும் தினமும் ஏறி இறங்கும் வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. காலையில் தோட்டத்துக்கு ஆள், அப்புறம் உரம், சாணம், தண்ணீர் டிரம், திரும்பும்போது ஏலக்காய் மூட்டை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையாவது தார் ரோடு என்று சொல்லலாம். எஸ்டேட்டுக்குள் நுழைந்துவிட்டால் பாறையும் சேறும்தான். இந்தப் பாடு பட்ட வண்டி சில வருடங்களில் பின்னால் அமர்ந்துவிடும். உடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, ரெண்டு இன்ச் பிளாக் வெச்சுத் தூக்கிவிடுங்க."

பட்டை என்பது வண்டியின் பாரத்தைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங். பிளாக் என்பது அந்தப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சொருகும் கட்டை. தூக்கலாம். ஆனால் எதனால் அமர்ந்தது என்று பார்க்காமல் தூக்கினால் பிரச்சினை இடம் மாறுமே தவிரத் தீராது. தூக்கச் சொல்லி வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கம்பெனி கொடுத்த உயரத்தை இழந்தவை. அந்த உயரத்தை நல்ல பட்டையால் மீட்டாலே பாதிப் பேருக்கு பிளாக் தேவைப்படாது. எனவே கீழே ஒவ்வொரு கோளாறாக எடுத்துக்கொண்டு, எதைப் பார்ப்பது, எதை வாங்குவது என்று எழுதுகிறேன்.

எதுவும் வாங்குவதற்கு முன்: மூன்று அளவுகள்

மலையில் சமதளம் தேடுவதே பெரிய பாடு. பெட்ரோல் பங்கின் சிமென்ட் தளம் பரவாயில்லை. வண்டியைக் காலியாக நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று கூடக் குறைய இருந்தால் அந்த அளவு பொய் சொல்லும்.

இரண்டாவது அளவு, வழக்கமாக ஏற்றும் லோடோடு அதே இடத்தில் அதே அளவு.

மூன்றாவது, பட்டையின் வளைவு. மெயின் பட்டையின் (செட்டிலேயே நீளமானது) ஒரு கண்ணின் (முனையில் சுருட்டிய வளையம்) நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவுக்கு நூல் பிடித்து, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் இருக்கும் இடத்தில் நூலுக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இடது வலது இரண்டையும் எடுங்கள். அதே மாடலில் அதிகம் ஓடாத வண்டி ஒன்று தெரிந்தவர்களிடம் இருந்தால் அதையும் அளந்துகொள்ளுங்கள். அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

இதோடு ஒன்றையும் குனிந்து பார்த்துவிடுங்கள்: பட்டை ஆக்சில் ஹவுசிங்குக்கு (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா? பிக்கப்களின் பின்பக்கம் பெரும்பாலும் மேலே இருக்கும். பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் கீழே. கீழே இருக்கும் வண்டியில் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே பிளாக் வைத்தால் வண்டி உயராது, தாழும். அந்த வகை ஜீப்புக்கு பிளாக் பேச்சையே விட்டுவிட வேண்டும். உயரம் வேண்டுமானால் பட்டையின் வளைவில்தான் எடுக்க வேண்டும்.

அடியில் பாறை இடிக்கிறது

எது இடிக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பணம் செலவழிக்கக் கூடாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் தடம் மாதிரிப் பாறைத் தடத்தில் பெரும்பாலும் அடி வாங்குவது ஆக்சிலின் நடுவில் குண்டாக இருக்கும் டிஃபரன்ஷியலின் அடிவயிறு. அது ஆக்சிலோடு சேர்ந்தது, ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது. பட்டை எவ்வளவு வளைந்தாலும், பிளாக் எத்தனை இன்ச் வைத்தாலும் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) பாடியும்தான் மேலே போகும். டிஃபரன்ஷியலை உயர்த்துவது டயர் மட்டுமே. அதிலும் டயரின் மொத்த உயரம் ஒரு இன்ச் கூடினால் அரை இன்ச்தான் லாபம்.

இடிப்பது கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பரோ, டீசல் டேங்கோ, பின் பம்பரோ, சைலன்சரோ என்றால் தொடர்ந்து படியுங்கள்.

காலி வண்டியே பின்னால் அமர்ந்திருக்கிறது

பட்டை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். நூல் அளவில் வளைவு குறைந்திருக்கும். சில வண்டிகளில் மெயின் பட்டை நேராகிவிட்டிருக்கும். இதற்கு பிளாக் தீர்வாகாது. களைத்துப்போன எஃகு களைத்த எஃகுதான். மேலே இரண்டு இன்ச் கட்டையைச் சொருகினால் உயரம் திரும்பும், ஆனால் அடுத்த மழைக்காலத்துக்குள் பட்டை இன்னும் தளர்ந்து அந்த இரண்டு இன்ச்சையும் தின்றுவிடும்.

பட்டறையில் பட்டையை அடித்து வளைத்துக் கொடுப்பார்கள். செலவு குறைவு என்பதால் பலர் அதைத்தான் செய்கிறார்கள். எப்படி வளைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கேஸ் டார்ச்சால் ஓரிடத்தைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தால், அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். சூடு பட்ட இடம் மென்மையாகி மறுபடி தொய்யும், அதன் ஓரத்தில் விரிசல் விடும். முழுப் பட்டையையும் உலையில் சூடாக்கி, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகக் காய்ச்சிப் பதம் ஏற்றும் பட்டறை என்றால் நம்பிச் செய்யலாம். சூடே படாமல் குளிர்ந்த நிலையில் சுத்தியால் அடித்து வளைத்தது கொஞ்ச காலம் நிற்கும், முழுதாக நிற்காது. வெல்டிங் வைத்த பட்டை எந்த நிலையிலும் வேண்டாம். அது ஒடியும் இடத்தை நாமே குறித்துக் கொடுப்பதாகும்.

என் தேர்வு புது செட். அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. வலப்பக்கம் டிரைவர் அமர்வதால் அது மட்டும் தாழ்ந்திருக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் புதுப் பட்டை போட்டால், புதியதும் பழையதும் ஒரே பாரத்துக்கு வெவ்வேறாக வளையும். காலியாக நேராக நிற்கும் வண்டி லோடு ஏற்றியதும் சாயும்.

கடையில் கேட்கும்போது வெறும் மாடல் பெயரைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்குக் கண் நீளம், பட்டையின் அகலம், ஒவ்வொரு பட்டையின் தடிமன், எத்தனை பட்டை, கண்ணுக்குள் உட்காரும் புஷ்ஷின் உள்விட்டம் வெளிவிட்டம், சென்டர் போல்ட் தலையின் அளவு, சென்டர் போல்ட்டிலிருந்து முன் கண்ணுக்கும் பின் கண்ணுக்கும் தனித்தனித் தூரம். கடைசியாகச் சொன்னது முக்கியம். பல பட்டைகளில் சென்டர் போல்ட் சரிபாதியில் இருக்காது. திருப்பிப் போட்டால் ஆக்சிலே முன்னோ பின்னோ நகர்ந்துவிடும்.

காலியில் சரியாக நிற்கிறது, லோடு ஏற்றினால் அமர்ந்து இடிக்கிறது

இங்கேதான் உயரத்தையும் தாங்கும் பலத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வளைவு உயரத்தைத் தரும். தடிமனும் எண்ணிக்கையும் பலத்தைத் தரும். இரண்டும் வேறு வேறு.

பலத்தை நீங்களே அளக்கலாம். யூரியா மூட்டை 45 கிலோ, பொட்டாஷ் மூட்டை 50 கிலோ. பத்து பொட்டாஷ் மூட்டையைச் சரியாகப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்குங்கள். 500 கிலோ. வண்டி 50 மில்லிமீட்டர் இறங்கியது என்று வையுங்கள். அப்படியானால் இரண்டு பட்டை செட்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டருக்கு 10 கிலோ தாங்குகின்றன. ஒரு பக்கத்துக்கு 5 கிலோ.

இப்போது கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து அந்த 5-ஐ 6 ஆக்குகிறீர்கள். காலி வண்டியில் ஒரு பக்கப் பட்டையின் மேல் 200 கிலோ இருக்கிறது என்றால், முன்பு 40 மில்லிமீட்டர் அமுங்கியது இப்போது 33 அமுங்கும். ஏழு மில்லிமீட்டர்தான் உயர்வு, கண்ணுக்கே தெரியாது. 500 கிலோ ஏற்றிய பின் அந்தப் பக்கத்தில் 450 கிலோ. முன்பு 90, இப்போது 75. பதினைந்து மில்லிமீட்டர் லாபம். லோடில் அமர்கிற வண்டிக்குக் கூடுதல் பட்டை உதவுகிறது, காலியில் அமர்ந்த வண்டிக்கு அது பெரிதாக உதவாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். சேர்க்கும் பட்டையை மற்றவற்றைவிட அதிக வளைவோடு செய்தால் உயரமும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அந்த ஒற்றைப் பட்டையே அதிகப் பாரம் தாங்கி முதலில் ஒடியும்.

தடிமன் விஷயத்தில் கை தாராளமாகப் போகக் கூடாது. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 போட்டால் அந்தப் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைக்கும். 8-க்குப் பதில் 10 என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "ஒரு நூல் தடிமனாப் போட்டுடுங்க" என்று சொல்வது எளிது. அதன் பலனை முதுகு அனுபவிக்கும்.

அப்புறம் ஒன்று. லோடே கம்பெனி சொன்ன அளவைத் தாண்டுகிறதா என்று எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். பட்டை தாங்கினாலும் ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எதுவும் கூடுதலாகத் தாங்கும்படி மாறிவிடவில்லை. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும்.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

இடது வலது பட்டைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே பக்கம் மாறினால் குற்றம் பட்டையில். சாய்வு அதே பக்கம் நின்றால் பட்டையை விட்டுவிட்டு, அதைச் சேசிஸோடு பிடிக்கும் ஹேங்கர், ஒரு முனையில் ஆடும் இணைப்பான ஷாக்கிள், சேசிஸ் மூன்றையும் பாருங்கள். ஹேங்கர் ரிவெட் தளர்ந்து தொங்குவதும், சேசிஸில் துரு தின்று விரிசல் விட்டிருப்பதும் மழை அதிகம் பெய்யும் இடுக்கிப் பக்கத்து வண்டிகளில் அபூர்வமல்ல. தாழ்ந்த பக்கத்துக்கு மட்டும் பிளாக் வைத்துச் சமன் செய்வது கூடவே கூடாது.

புதுப் பட்டை போட்ட பின் கட்டை வண்டி மாதிரி உதறுகிறது

மூன்று காரணங்களில் ஒன்று. பட்டை உங்கள் வேலைக்கு மீறிய விறைப்பு. ஏலக்காய் மூட்டை மட்டும் ஏற்றும் வண்டிக்கு சிமென்ட் ஏற்றும் வண்டியின் செட் போட்டிருப்பீர்கள். ஒரு பட்டையைக் கழற்றிப் பார்க்கலாம், மெயின் பட்டையையும் அதைச் சுற்றிக் காக்கும் இரண்டாவது பட்டையையும் தொடாமல்.

இரண்டாவது, ஷாக் அப்சார்பர் நீளம் போதவில்லை. சேசிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்க விடுங்கள். ஷாக் முழுதாக நீண்டு இழுத்துப் பிடித்திருக்கிறது, பட்டை இன்னும் இறங்கத் தயாராக இருக்கிறது என்றால் குழிக்குக் குழி ஷாக்தான் அடி வாங்குகிறது. பட்டை முழுதாகத் தொங்கிய பிறகும் ஷாக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். அதே மாதிரி முழுதாக அமுங்கும்போது ஷாக் அடிமுட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேசிஸில் முட்டாமல் தடுக்கும் ரப்பர்) தொட வேண்டும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. கண்ணிலும் ஷாக்கிளிலும் இருப்பது ரப்பர் புஷ் என்றால், அதன் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. கையால் மாட்டிவிட்டு, வண்டியை நான்கு சக்கரத்தில் இறக்கி, இரண்டு தடவை ஆட்டிவிட்டு, நிற்கும் உயரத்தில் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி இருக்க வேண்டியதைவிட உயரமாக நிற்கும், விறைப்பாக ஓடும், சில மாதத்தில் ரப்பர் கிழியும்.

பிளாக் தேவைப்படுவது எப்போது, எதை வாங்குவது

பட்டை நல்ல நிலையில் இருக்கிறது, லோடும் அளவோடு இருக்கிறது, ஆனால் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும். அப்போது மட்டும் பிளாக்.

முன் ஆக்சிலுக்கு எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். பிரேக் போடும்போது பெரும் பாரம் முன்னால்தான் வரும், ஸ்டீயரிங்கும் அங்கேதான். அங்கே ஒரு கட்டை நழுவினால் வளைவில் வண்டி நம் கையில் இருக்காது. லோயர் கேம்புக்கும் குமுளிக்கும் இடையில் இரைச்சல் பாலம் பக்கம் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்காதீர்கள். கம்பெனியே ஏற்கெனவே ஒரு பிளாக் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, மொத்த உயரத்துக்கும் ஒரே துண்டாக வாங்குங்கள். மரக்கட்டை வேண்டாம், சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்ததும் வேண்டாம். வார்ப்பிரும்பு அல்லது கட்டி எஃகு. அகலம் பட்டையின் அகலம். நீளம் ஹவுசிங்கில் பட்டை உட்காரும் மேடையின் நீளத்துக்குக் குறையக் கூடாது. குட்டையான பிளாக்கில் பட்டை ஏற்ற இறக்கத்துக்கு ஆடும். கீழே இருக்கும் முளை மேடையின் துளையிலும், மேலே இருக்கும் துளை சென்டர் போல்ட் தலையிலும் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். மாட்டுவதற்கு முன் பிளாக்கை மேடையில் வைத்து, நான்கு ஓரத்திலும் ஒரு துண்டுக் காகிதத்தைச் சொருகிப் பாருங்கள். எங்காவது காகிதம் உள்ளே போனால் மேடையில் பெயின்ட்டோ துருவோ மேடு கட்டியிருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

உயரம் இரண்டு இன்ச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் வேண்டும் என்றால் வளைவு கூடிய பட்டைதான் வழி.

பிளாக் வைத்தால், பட்டையை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழையது நீளம் எட்டினாலும் வேண்டாம். ஒரு தடவை இறுக்கிய யூ போல்ட் நீண்டுபோயிருக்கும், மரையும் இளகியிருக்கும். இரண்டு இன்ச் பிளாக்குக்கு ஒவ்வொரு காலும் இரண்டு இன்ச் கூடுதல் நீளம். கம்பியின் தடிமன் பழையதற்குக் குறையக் கூடாது. வளைவு ஹவுசிங்கின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும், உருண்டைக்கு உருண்டை, சதுரத்துக்குச் சதுரம். நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் வைத்துக் கம்பெனி சொன்ன இறுக்கத்துக்கு. முதல் 100 கிலோமீட்டரில் ஒரு தடவையும், 500-ல் ஒரு தடவையும் மறுபடி இறுக்குங்கள். புதுப் பட்டைக்கும் இதேதான். பெயின்ட் நசுங்கி, பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் தானாகக் குறையும்.

பம்ப் ஸ்டாப்பை பிளாக்கின் உயரத்துக்கு நீட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நீட்டாவிட்டால் பட்டை தன் இயல்பான எல்லையைத் தாண்டி எதிர்ப்பக்கமாக வளைந்த பிறகுதான் ரப்பர் தொடும். புதுப் பட்டைகூட அந்த வளைவைப் பல தடவை தாங்காது.

செக்போஸ்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் என்பதால் கேரளப் பக்கம் விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். இது மத்தியச் சட்டம். பழைய உயரத்தை மீட்கும் அதே அளவுப் பட்டை மாற்று உதிரி பாகம். கம்பெனி உயரத்துக்கு மேல் தூக்கினால் அது மாற்றம். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எனக்கு மீட்பதே போதும் என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்றத்தில் முதல் கியரில் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது

பிளாக் வைத்த வண்டியில் இது வந்தால், பட்டை முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். சக்கரம் முன்னே தள்ளும்போது ஹவுசிங் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பு விசையைத் தாங்குவது பட்டைதான். பிளாக் வைத்ததும் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் தூரம் கூடி, நெம்பும் பலமும் கூடுகிறது. பட்டையின் முன்பாதி மேலேயும் பின்பாதி கீழேயும் வளைந்து, டயர் பிடி விட்டதும் படாரென்று நிமிரும். திரும்பத் திரும்ப நடப்பதால் தடதட.

ஒருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று பட்டையை மட்டும் பாருங்கள். ஈரமான ஏற்றத்தில் கிளட்ச் விடும் நொடியில் டிஃபரன்ஷியலின் மூக்கு (முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) மேலே தூக்குவது வெறும் கண்ணுக்கே தெரியும். யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்பது முதல் சோதனை. புஷ் தேய்வு இரண்டாவது. இரண்டும் சரி என்றால் பிளாக்கின் உயரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது முன்பாதியில் நீளமான இரண்டாவது பட்டை உள்ள செட் போட வேண்டும். அப்படியே ஓட்டினால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் முதலில் போகும், அடுத்தது பட்டை.

உயர்த்திய பின் ஓட்டத்தில் அதிர்வு, ஹூங்காரம்

சக்கரம் பேலன்ஸ் செய்தும் போகாத அதிர்வு என்றால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கோணத்தைப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் இருக்கும் சாதாரண ஷாஃப்டில், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் அச்சும் டிஃபரன்ஷியலின் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மறு கிராஸ் அழிக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தட்டையான பிளாக் வைத்தால் ஹவுசிங் திரும்பாது, இணை கெடாது, இரண்டு கோணமும் சமமாகக் கூடும். சரிவு வெட்டிய ஆப்பு பிளாக்கைக் காரணம் தெரியாமல் வைத்தால்தான் இணை கெடும். தடிமனான முனை பின்னால் இருந்தால் மூக்கு மேலே தூக்கும், முன்னால் இருந்தால் கீழே இறங்கும். நீளமான பின் ஷாக்கிள் போட்டாலும் மூக்கு மேலே தூக்கும். செல்போனிலேயே கோணம் காட்டும் வசதி இருக்கிறது. வண்டி சக்கரத்தில் நிற்கும்போது இரண்டு இடத்திலும் வைத்துப் படித்துவிட்டு, அந்த வித்தியாசத்துக்கு மட்டும் ஆப்பு கேளுங்கள். மூக்கு ஒரு டிகிரி கீழே இருந்தால் கெடுதலில்லை, பாரம் இழுக்கும்போது அது தானே மேலே வந்து சரியாகும்.

நடுவில் பேரிங் உள்ள இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால், அந்த பேரிங் பிராக்கெட்டை வாஷர் வைத்துச் சற்று இறக்கினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும்.

ஷாக்கிள் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். ஷாக்கிளை இரண்டு இன்ச் நீட்டினால் வண்டி ஒரு இன்ச்தான் உயரும். நீண்ட ஷாக்கிள் பக்கவாட்டில் ஆடும், வளைவில் அந்த ஆட்டம் தெரியும். சேட்டன்மார் கடைகளில் பளபளவென்று தொங்கும், விலையும் குறைவு. நான் போட மாட்டேன்.

ஸ்டீயரிங் அலைகிறது, கைவிட்டால் நேரே வருவதில்லை

முன் பட்டை மாற்றிய பிறகு இது வந்தால் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்கிறது. முன் ஷாக்கிளை நீட்டியவர்களுக்கு அது பட்டையின் முன்முனையில் இருந்தால் நிச்சயம் குறையும். எஃகு ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம், அலுமினியம் நசுங்கி உதிரும். ஆப்பு வைத்தால் சென்டர் போல்ட்டும் அதற்கேற்ப நீளமானது வேண்டும். ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணலாக நிற்கிறது என்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்தால் போதும்.

உயர்த்திய பின் பிரேக் பிடிப்பு குறைந்த மாதிரி இருக்கிறது

மலைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இது. பல பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. சேசிஸில் வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்கு. லோடு ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால், பாரம் இருக்கிறது என்று எண்ணி அந்த வால்வு பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும். சேசிஸ் உயரமாக இருந்தால், காலி வண்டி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும் என்று எண்ணி அழுத்தத்தைக் குறைக்கும்.

வண்டியை இரண்டு இன்ச் தூக்கிவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால், முழு லோடோடு இறங்கும்போதும் வால்வு காலி வண்டி என்றே நம்பும். முன் பிரேக் மட்டும் வேலை செய்யும். கம்பம்மெட்டு இறக்கம் முடிந்து கீழே நிறுத்தினால் முன் சக்கரத்தில் கருகிய வாசனை, பின் டிரம் வெறும் கையைக் கிட்டே கொண்டுபோகும் அளவுக்கு ஆறிக் கிடக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டால் அடுத்த டிரிப் போகாதீர்கள்.

கம்பி ஆக்சிலில் சேரும் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கு நீட்ட வேண்டும். விறைப்பான பட்டை போட்டிருந்தால் அது மட்டும் போதாது. அதே லோடுக்கு வண்டி முன்பைவிடக் குறைவாக இறங்குவதால், வால்வு பாரத்தைக் குறைத்தே கணக்கிடும். அழுத்தமானி வைத்து கம்பெனி அளவுக்குச் சரிசெய்யத் தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும். வால்வையே கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மழையில் காலி வண்டியோடு திரும்பும்போது பின்பக்கம் சுழன்றுவிடும்.

பிரேக் ஹோஸையும் பாருங்கள். சக்கரங்களைத் தொங்கவிட்டால் ஹோஸ் விறைத்து இழுபடக் கூடாது. முன்பக்கம் ஸ்டீயரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபட்டுப் பாதி பிடித்துக்கொண்டே ஓடலாம்.

பின்னால் வருபவர் "வண்டி கோணலாப் போகுதுண்ணே" என்கிறார்

சென்டர் போல்ட் அறுந்திருக்கும். பட்டை மேடையில் நழுவி ஒரு பக்கச் சக்கரம் பின்னுக்குப் போயிருக்கும். இருபுறமும் முன் ஹப்பிலிருந்து பின் ஹப்புக்கு டேப் பிடித்தால் வித்தியாசம் தெரியும். சென்டர் போல்ட் தானாக அறுவதில்லை, யூ போல்ட் தளர்ந்ததால் அறுகிறது. இதற்கு முன்னறிவிப்பும் உண்டு. பட்டையும் யூ போல்ட்டும் தொடும் இடத்தில் செம்மண் நிறத்தில் மெல்லிய துருத்தூள் கசிந்து வழிந்த கோடு. இரும்பு இரும்போடு உரசினால்தான் அது வரும். கழுவும்போது அதைக் கண்டால் அன்றைக்கே ரெஞ்ச் எடுங்கள்.

ஒடிந்த பட்டையும் கதை சொல்லும். சென்டர் போல்ட் துளையின் வழியே ஒடிந்தால் யூ போல்ட் தளர்வு. பிளாக்கின் விளிம்பை ஒட்டி ஒடிந்தால் பெரும்பாலும் அதிக பாரம். கண்ணுக்குப் பக்கத்தில் மெயின் பட்டை ஒடிந்தால் ஷாக்கையும் புஷ்ஷையும் சோதியுங்கள், மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பாதீர்கள்.

கிறீச் கிறீச் சத்தம் மட்டும்

பட்டைகளின் முனையில் இருக்கும் ரப்பரோ நைலான் துண்டோ தேய்ந்திருக்கும், அல்லது சேறு புகுந்து காய்ந்திருக்கும். தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் சத்தம் நின்றால் சேறுதான். புஷ் ரப்பர் மேல் கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊறிக் கெடும். கழுவியும் நிற்காத சத்தம் நிப்பிள் உள்ள ஷாக்கிள் பின்னிலிருந்து வந்தால் கன் வைத்து கிரீஸ் அடியுங்கள், பழைய கறுப்பு கிரீஸ் மறுபக்கம் வெளியே வரும் வரை.